இபிவாரிக்குக் கட்டிய துணி

என் தங்கை இபிவாரியின் உடலுக்குத் துணி கட்டியது நான். எங்கள் ஊரில் ஆண்கள் தொடாத வேலை அது. இறந்தவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, அவரை ஒன்றன்பின் ஒன்றாகக் கிடத்தும் கட்டில்களை அலங்கரிக்கும் உரிமை வீட்டின் மூத்த பெண்களுடையது. எந்தக் கட்டிலை யார் அலங்கரிப்பது என்பதற்கே அவர்களுக்குள் சண்டை வரும். அன்று நான் அவர்களை முற்றத்திலேயே நிறுத்திவிட்டு அறைக் கதவை உள்ளிருந்து தாழிட்டேன். உள்ளே நானும் இபிவாரியின் மகள் டபோட்டாவும் மட்டும்தான் இருந்தோம்.

வயிறு அவ்வளவு பெரிதாக இருந்தது. கல்லீரல் கெட்டு நீர் கோத்துக்கொண்டது என்று போர்ட் ஹார்கோர்ட் நகரத்து மருத்துவர் சொல்லியிருந்தார். எங்கள் ஊர் அதை அப்படிச் சொல்லாது. வயிறு வீங்கிச் சாகிறவர் பொய்ச் சத்தியம் செய்தவர். அவருக்குக் கட்டில் அலங்காரம் கிடையாது, பாட்டு கிடையாது, ஊருக்குள் குழி கிடையாது. உடலைப் படகில் ஏற்றி ஆற்றுக்கு அப்பால் சதுப்புக் காட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். அதன்பின் அந்த வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். அந்த வீட்டுத் தலைவன் சபையில் வாய் திறந்தால் இருமுவார்கள். தேவாலயத்துக்குப் போகத் தொடங்கியதும் இதையெல்லாம் மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறோம். யாரும் மறக்கவில்லை.

வயிற்றை மறைக்க வயிற்றில் துணி சுற்றினால் மேலும் பெரிதாகத்தான் தெரியும். மார்பையும் தொடையையும் சுற்றி உடம்பு முழுவதையும் வயிற்றின் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் முன்னோர்கள் பனையெண்ணெய் விற்று வாங்கிச் சேர்த்த மதராஸிலிருந்து கப்பலில் வந்த கட்டம் போட்ட துணிகள் பெட்டி நிறைய இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துச் சுற்றினேன்.

"இவ்வளவு சுத்தினா அம்மாவுக்கு வேர்க்கும், மாமா" என்றாள் டபோட்டா.

"பேசாம அந்த முனையைப் பிடி."

"டாக்டர் எழுதிக் குடுத்ததைக் காட்டிட்டு, இதான் வியாதின்னு சொல்லிட்டா என்ன?"

"யார்கிட்ட சொல்லுவ? உன் சின்னப் பாட்டி இக்பிகிகிட்டயா?"

அவள் அழுதுகொண்டே முனையைப் பிடித்தாள்.

கதவைத் திறந்தபோது இக்பிகிதான் முன்னால் நின்றாள். என் சிற்றப்பாவின் விதவை. அலங்காரக் கட்டில்களில் முதல் கட்டில் அவளுடையது. உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு என் கைகளைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் கட்டியிருக்க, தாவாரி. அடுத்த தடவை பிரசவமும் நீயே பாரு. நாங்க வீட்டுல உக்காந்து வெத்துக் கையைப் பாத்துட்டு இருக்கோம்."

பெண்கள் சிரிக்கவில்லை. அவள் குரலைத் தாழ்த்தினாள். "கேக்க வேண்டியதைக் கேக்கறேன். சாவு சுத்தமான சாவுதானா?"

இதை வீட்டுத் தலைவனிடம் கேட்டே ஆகவேண்டும். அவன் தன் முன்னோரின் கைத்தடியைத் தரையில் ஊன்றிப் பதில் சொல்லவேண்டும். நான் ஊன்றினேன்.

"சுத்தமான சாவு. ரத்தக் கொதிப்பு."

அவர்கள் பாட ஆரம்பித்தார்கள்.

உண்மை தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவன் இருந்தான். படித்துறையில் படகு இயந்திரம் பழுதுபார்க்கும் ஃபூரோ. இபிவாரியை மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும், விடியற்காலையில் உடலைத் திருப்பிக் கொண்டுவந்ததும் அவன் படகுதான். அவன் எதிர்க்கட்சிக்காரன். வரப்போகும் ஜனாதிபதித் தேர்தலில் எங்கள் வாக்குச்சாவடியில் அந்தக் கட்சிக்கு அவன்தான் முகவர். எங்கள் வீட்டார் தலைமுறை தலைமுறையாக ஆளுங்கட்சிப் பக்கம். அதனால் அவனோடு எனக்குப் பேச்சு குறைவு. ஆனாலும் அன்று காலை அவனை எங்கள் முன்னோர் மேடைக்கு அழைத்துச் சென்றேன். சாராயம் ஊற்றி, பார்த்ததை யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கினேன்.

"சத்தியம் இல்லாமலே சொல்லமாட்டேன், அலபோ. அவங்க எனக்கு மீன் குழம்பு போட்டவங்க" என்றான். அலபோ என்பது எங்கள் பக்கம் தலைவர்களை அழைக்கும் சொல்.

"சத்தியம் பண்ணு."

பண்ணினான்.

அந்த வாரம் ஊரில் ஒரு படக்குழு தங்கியிருந்தது, வெளிநாட்டுக்காரர்கள். தலைமை தாங்கியவள் ஃபியோனா என்ற பெண். எங்கள் துணிகளைப் பற்றியும் இறுதிச் சடங்குகளைப் பற்றியும் படம் எடுக்க வந்ததாகச் சொன்னாள். வந்த முதல் நாளே 'அலபோ' என்று என்னைச் சரியாக அழைத்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். என் கைத்தடியின் வெள்ளிப் பூணைப் பார்த்துவிட்டு, இதுபோன்றவை தன் நாட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன என்றாள். இபிவாரியின் கட்டில்களைப் படமெடுக்க அனுமதி கேட்டபோது டபோட்டா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வேண்டாம் மாமா. இவங்க யாருன்னே நமக்குத் தெரியாது."

"நம்ம வீட்டுத் துணி எப்படிப்பட்டதுன்னு உலகத்துக்கும் தெரியட்டும்" என்றேன்.

எனக்கு அதில் பெருமையும் இருந்தது, கணக்கும் இருந்தது. வெளிநாட்டார் வந்து படமெடுத்த கட்டிலைப் பற்றி நாளைக்கு எவன் சந்தேகம் கிளப்புவான்? இத்தனை துணி எதற்கு என்று ஃபியோனா கேட்டபோது, மூத்த மகளுக்கு எங்கள் வீட்டில் இப்படித்தான் என்று அவளுக்கும் ஒரு பொய் சொன்னேன். படமெடுத்து முடித்ததாகச் சொல்லி விளக்குகளை அணைத்தார்கள். எல்லாரும் வெளியே போய்விட்டதாக நினைத்துக் கட்டிலின் மேல் குனிந்தேன். இடுப்பருகே ஒரு மடிப்பு நழுவியிருந்தது. அதைச் செருகும்போது அழுகை வந்துவிட்டது. என் தந்தையின் சாவில்கூட யாரும் என் கண்ணீரைப் பார்த்ததில்லை.

அதை அவர்கள் எடுத்திருந்தார்கள்.

தேர்தல் வாரத்தில் டபோட்டா கைபேசியைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள்.

சின்னப் படம்தான். முதலில் எங்கள் ஆறு, பிறகு எங்கள் வீடு, பிறகு கட்டிலில் இபிவாரி. எங்கள் நாட்டுப் பெண் குரல் ஒன்று பேசியது. இவர் ஒரு தாய். எதிர்க்கட்சி அடியாட்கள் இவர் வயிற்றைக் கிழித்துவிட்டார்கள். ரத்தம் தெரியாமல் இருக்க அண்ணன் சுற்றிய துணியைப் பாருங்கள். அவர்கள் ஜெயித்தால் அடுத்த கட்டில் உங்கள் வீட்டில். அதன்பின் திரை முழுவதும் என் முகம். மூக்கு ஒழுக, வாய் கோணி, மடிப்பைச் செருகிக்கொண்டு.

"நாடு பூரா போகுது மாமா. வடக்கேயிருந்துகூட எனக்கு அனுப்பறாங்க."

"துணியைப் பத்திப் படம்னாளே?"

"காசு வாங்கிட்டுத் தேர்தல் வேலை செய்யற ஆபீஸாம். அந்த நாடு, இந்த நாடுன்னு எங்க தேர்தல் நடந்தாலும் போவாங்களாம். பேப்பர்ல வந்திருக்கு." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எதிர்க்கட்சிக்காரர் ஜெயிச்சா எண்ணெய்க் கிணத்துக் குத்தகையையெல்லாம் திருப்பிப் பிரிச்சுப் பாப்பேன்னு சொல்றாரில்ல? குத்தகை கையில இருக்கறவங்க அந்தப் பொம்பளையோட நாட்டுக்காரங்கதான். எங்க அம்மாவை அதுக்கு எடுத்துக்கிட்டாங்க."

ஃபியோனா விட்டுச்சென்ற எண்ணை அழைத்தேன். எடுத்தாள். அதே மென்மையான குரல். உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் அலபோ என்று ஆரம்பித்தாள்.

"என் தங்கச்சியை யாரும் கொல்லலை. அந்தப் படத்தை நிறுத்துங்க" என்றேன்.

"படம் எடுத்துக் கொடுப்பதோடு எங்கள் வேலை முடிந்தது. தேர்தல் உங்கள் நாட்டினுடையது" என்றாள். பிறகு, "தவறு என்றால் திருத்தச் சொல்லலாம். அவர் எப்படி இறந்தார் என்று நீங்கள் எழுத்தில் சொல்லவேண்டும். எப்படி இறந்தார், அலபோ?" என்றாள்.

நான் இணைப்பைத் துண்டித்தேன். யாரோ ஒரு வேற்று நாட்டுப் பெண். எங்கள் வழக்கத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளிடம்கூட என் வாயிலிருந்து அந்தச் சொல் வரவில்லை.

அன்று மாலையே ஊர் என் வீட்டுக்கு வந்துவிட்டது. கோபமாக வருவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். அழுதுகொண்டு வந்தார்கள். பல வருடங்களாக என் வாசல் மிதிக்காதவர்கள் வந்து என் கால் அருகே உட்கார்ந்தார்கள். இக்பிகி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இதைத்தான் ஒத்தையா சுமந்தியாடா? ஊருல ரத்தம் சிந்தக்கூடாதுன்னு எங்களைக் கதவுக்கு வெளிய நிறுத்தின. நான் என்னென்னவோ பேசிட்டேன். மன்னிச்சிடு."

நான் ஏன் கதவைத் தாழிட்டேன், நான் ஏன் துணி கட்டினேன், ஏன் அத்தனை துணி என்ற எல்லாவற்றுக்கும் அந்தப் படம் பதில் சொல்லிவிட்டிருந்தது. என் பொய்யில் இருந்த ஓட்டைகளைப் படமெடுத்தவர்கள் தங்கள் பொய்யால் அடைத்திருந்தார்கள். என் வீடு அதற்குமுன் அவ்வளவு மரியாதையாக நின்றதில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் ஊரார் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆளுங்கட்சியின் இளைஞர் தலைவன் கிங்ஸ்லியும் வந்தான். நடக்கும்போதே கைபேசியில் பேசும் பையன். என் முன்னால் மட்டும் அதைப் பையில் போட்டான்.

"நீங்க யார் பேரும் சொல்லவேண்டாம் அலபோ. உங்க மரியாதைக்கு அது அழகில்ல. நாங்க பாத்துக்கறோம்."

"என்ன பாத்துக்கறீங்க?"

"பாத்துக்கறோம்."

போகட்டும் என்று இருந்துவிட்டேன். தேர்தலுக்கு முன் பையன்கள் கொஞ்சம் கத்துவார்கள், பிறகு அடங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடலைக் கொண்டுவந்தவன் எதிர்க்கட்சிக்காரன் என்பது ஊருக்கே தெரியும். அது எங்கே போய் முடியும் என்று கணக்குப் போட எனக்குத் தெரியாமல் இல்லை. நான் போடவில்லை.

மறுநாள் மதியம் டபோட்டா ஓடிவந்தாள்.

"ஃபூரோவைப் படித்துறைத் தூணுல கட்டிட்டாங்க மாமா. கடையைக் கொளுத்திட்டாங்க. பெட்ரோல் கேனைப் பக்கத்துல வெச்சிருக்காங்க."

"அவன் என்ன சொல்றான்?"

"ஒண்ணும் சொல்லலை. 'நீதான அவளைக் கொண்டுவந்த, எப்படிச் செத்தா சொல்லு'ன்னு அடிக்கறாங்க. 'அலபோவைக் கேளுங்க'ன்னு மட்டும் சொல்றான். அவன் வாயைத் திறந்தா ஒரு நிமிஷத்துல தப்பிச்சிடுவான் மாமா. நீங்க சத்தியத்தால கட்டின கட்டு."

அவள் என்னைப் பார்த்தாள். சிறுவயதில் நான் தப்புச் செய்தால் இபிவாரி அப்படித்தான் பார்ப்பாள்.

நான் முழு உடையில் போனேன். நீண்ட அங்கி, தொப்பி, பவளம், கைத்தடி. என் வார்த்தை போதும் என்று நினைத்தேன். வயிற்றைப் பற்றிப் பேசாமலே அவனை அவிழ்த்துவிட முடியும் என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் பவளத்தைப் போட்டுக்கொண்டேன்.

படித்துறை நிறைய ஆட்கள். எரிந்த கடையிலிருந்து ரப்பர் நாற்றம். ஃபூரோவின் ஒரு கண் மூடியிருந்தது. வாயிலிருந்து வழிந்த ரத்தம் சட்டையில் காய்ந்திருந்தது. எனக்கு வழி விட்டார்கள்.

"இவனை அவிழ்த்து விடு. இவன் மேல குத்தமில்ல" என்றேன் கிங்ஸ்லியிடம்.

"உங்களை மிரட்டியிருக்காங்க அலபோ. எங்களுக்குத் தெரியும்."

"என்னை மிரட்ட எவன் பிறந்திருக்கான்? நான் சொல்றேன், அவ கொலையாகலை."

"அப்ப படத்துல நீங்க அழுதது?"

"தங்கச்சி செத்தா அண்ணன் அழமாட்டானா?"

"நீங்களா?" என்றான் பின்னாலிருந்து ஒருவன். சிலர் சிரித்தார்கள். "உங்க அப்பா செத்தப்ப நீங்க பந்தல்ல நாற்காலி சரியா போட்டிருக்கான்னு பாத்துட்டிருந்தீங்க. நானே நாற்காலி தூக்கினவன்."

கிங்ஸ்லி மரியாதை குறையாமல் பேசினான். "கொலை இல்லைன்னா என்ன சாவு? இத்தனை துணி எதுக்கு? அதை மட்டும் சொல்லிடுங்க. நாங்க இவனை விட்டுட்டுப் போறோம்."

ஃபூரோ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். மெதுவாக, இல்லை என்று தலையசைத்தான். சொல்லவேண்டாம் என்கிறான். தூணில் கட்டப்பட்டவன், என் வீட்டு மானத்தை என்னிடமிருந்தே காப்பாற்றுகிறான். அவன் கெஞ்சியிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் அதிகாரம் பேசிப் பார்த்திருப்பேன். அந்தத் தலையசைப்பை என்னால் தாங்க முடியவில்லை.

"வயிறு வீங்கிச் செத்தா" என்றேன்.

யாருக்கும் கேட்காததுபோல் இருந்தது. மறுபடி சொன்னேன், சபையில் பேசும் குரலில். "என் தங்கச்சி இபிவாரி வயிறு வீங்கிச் செத்தா. அதை மறைக்கத்தான் துணி. நான் கைத்தடியை ஊணிச் சொன்னது பொய். இவனுக்கு அது தெரியும். என் வீட்டு மேடையில சத்தியம் பண்ணினதால வாயைத் திறக்கலை."

நம்பமாட்டார்களோ என்று ஒரு கணம் பயந்தேன். கொலையை நம்பியதைவிட வேகமாக இதை நம்பினார்கள். கூட்டம் பின்னால் நகர்ந்தது. என்னைச் சுற்றி இடம் உண்டாயிற்று. இக்பிகி அந்த இடத்தின் விளிம்பில் நின்றிருந்தாள். நேற்று என் தோளைப் பிடித்த கையைத் தன் துணியில் துடைத்தாள்.

"அந்தக் கட்டில் முன்னால எங்களைப் பாட வெச்சியே" என்றாள். கத்தவில்லை. "என் பேத்திங்களும் பாடினாங்க. எங்க வாயை இப்ப எதைப் போட்டுக் கழுவறது?"

அவள் போனாள். பெண்கள் அவள் பின்னால் போனார்கள். ஃபூரோவை யாரும் அவிழ்க்கவில்லை; அவன் மீதிருந்த கவனம் போய்விட்டது, அவ்வளவுதான். டபோட்டாவும் நானும் கட்டை அவிழ்த்தோம். நனைந்த நைலான் கயிறு. என் விரல்களுக்கு முடிச்சு பிடிபடவில்லை.

கிங்ஸ்லி மட்டும் அருகே வந்து நின்றான்.

"ஒரு விஷயம் அலபோ. சனிக்கிழமை ஓட்டு முடியறவரைக்கும் இதை இந்தப் படித்துறைக்கு வெளிய சொல்லாதீங்க. படம் நல்லா போயிட்டிருக்கு."

"இப்பதான உண்மையைச் சொன்னேன்?"

"சொன்னீங்க. அதை எத்தனை பேர் கேட்டாங்க? படத்தை எத்தனை பேர் பாத்தாங்க?" பையிலிருந்து கைபேசியை எடுத்துக்கொண்டு நடந்தான்.

ஃபூரோ கைகளைத் தேய்த்துக்கொண்டு எரிந்த கடையைப் பார்த்தான். "இயந்திரம் நாலும் போச்சு" என்றான். "அலபோ, நீங்க சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவங்க எனக்கு மீன் குழம்பு போட்டவங்க."

சனிக்கிழமை ஓட்டுப் போடப் போனேன். பள்ளிக்கூடத்து மைதானத்தில் வரிசை நீண்டு கிடந்தது. நான் நின்றதும் முன்னால் இருந்தவர்கள் ஒரு எட்டு முன்னே போனார்கள். பின்னால் வந்தவர்கள் ஒரு எட்டு தள்ளி நின்றார்கள். முன்பெல்லாம் நான் வரிசையில் நிற்பதில்லை. நேராக மேசைக்கு அழைத்துப் போவார்கள்.

கழிமுகத்து மீனவக் குடிசைகளிலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் அந்த இடைவெளியைத் தாண்டி வந்தாள். முதுகில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீங்கதான அந்த அண்ணன்?"

அவள் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். மீன் வாசனை அடித்தது. "பாத்துட்டு ரெண்டு நாள் சோறு இறங்கலைங்க. ஓட்டே போட வரமாட்டேன் நான். உங்க தங்கச்சிக்காகத்தான் துடுப்புப் போட்டு வந்தேன்."

"அம்மா, அவளை யாரும் கொல்லலை. வயிறு வீங்கிச் செத்தா" என்றேன்.

அவள் கண்கள் நிறைந்தன. என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "அப்படிச் சொல்லச் சொல்லியிருக்காங்களா? பயப்படாதீங்க. எங்களுக்குப் புரியும்."

போய்த் தன் இடத்தில் நின்றாள். எனக்குமுன் அவள் ஓட்டு விழுந்தது.

என் முறை வந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் கட்சி முகவர்களுக்கான பெஞ்சில் ஃபூரோ இருந்தான். கண் இன்னும் திறக்கவில்லை. சட்டைப்பையில் கட்சி அட்டை குத்தியிருந்தான். அதே பெஞ்சில் என் கட்சிக்காரர்கள் நான்கு பேர் இருந்தார்கள். அவர்களில் இருவருக்குப் பெயர் வைத்ததே நான். அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஃபூரோ எழுந்து நின்றான். அலபோ ஒருவர் வரும்போது எழுவதுபோல் எழுந்து, முறைப்படி குனிந்து வணங்கினான். விலா வலித்திருக்க வேண்டும். பெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

மைதானம் முழுவதிலும் எனக்காக எழுந்தவன், என் பொய்க்காக அடிபட்ட அவன் ஒருவன்தான். அவனும் உட்கார்ந்திருந்தால் நான் நிமிர்ந்தபடியே வீடு திரும்பியிருப்பேன்.